துரை காரும் இரண்டு பாட்டில் தேங்காய் எண்ணெயும்

ரிங்லெட் என்ற மலையூரில் எங்கள் கடைக்கு வரும் கார்களின் சீட்டுக்கு அடியில் கிடைப்பவற்றைக் குறித்துவைக்க ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். காய்ந்த முட்டைக்கோசு இலை, ஒற்றைச் செருப்பு, விபூதிப் பொட்டலம், முளைவிட்ட உருளைக்கிழங்கு, ஒருமுறை உயிரோடு ஒரு தவளை. மலையில் ஓடும் கார் உள்ளே போன எதையும் எளிதில் வெளியே விடாது. ஈரத்தை விடவே விடாது.

வாகனத் தொழில்நுட்பத்தில் டிப்ளோமா முடித்தவள் நான். எஞ்சின் பார்க்கப் போகிறேன் என்று வீட்டில் நினைத்தார்கள். நான் காரின் உட்புறத்தைச் சுத்தம் செய்யும் வேலையை எடுத்துக்கொண்டேன். சீட்டு துடைக்க எதற்குப் படிப்பு என்று கேட்டவர்களில் முதல் ஆள் என் மாமா, அம்மாவின் தம்பி. எஞ்சினைப் பற்றித் தெரியாதவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள். சீட்டைப் பற்றி எல்லோருக்கும் கருத்து உண்டு.

மாமாவுக்குக் கோலா தெர்லாவில் காய்கறித் தோட்டம். பிறந்தது, நாங்கள் இன்னும் குடியிருக்கும் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில். அந்தத் தோட்டத்தின் மேனேஜர் (அலுவலகக் கதவில் மேனேஜர், லயத்தில் துரை) மாற்றலாகிப் போனபோது தன் பழைய ஜெர்மன் காரை விற்றுவிட்டுப் போனார். மாமா வாங்கினார். உள்ளே பால்கோவா நிறத்தில் லெதர் சீட்டு. முதுகும் தொடையும் படும் இடங்களில், காற்றுப் போக ஊசிமுனை அளவில் ஆயிரக்கணக்கான துளைகள். அந்த வண்டியைத் தொட்டுப் பார்க்கக்கூட யாருக்கும் உரிமையில்லாத இடத்தில் வளர்ந்தவர் மாமா. அதனால் வாங்கிய அன்றே ஒரு முடிவெடுத்தார். இனிமேலும் யாரும் தொடக் கூடாது.

காய்கறிப் பாத்திகளின் மேல் மழைக்குக் கூடாரம் போட வாங்கிய தடித்த பிளாஸ்டிக் தாளில் மீதி இருந்தது. அதை வெட்டி, ஓரம் தைத்து, ஐந்து சீட்டுக்கும் உறை போட்டார். பிறகு காரைக் கொட்டகையில் நிறுத்தினார். வெள்ளிக்கிழமை தோறும் கற்பூரம் காட்டுவார், பத்து நிமிடம் எஞ்சினை ஓடவிடுவார், அணைத்துவிடுவார். குடும்பம் லோரியில் போய் வந்தது.

அந்தத் தாளுக்குக் கீழே கதகதப்பும் ஈரமும் நிற்கும். தக்காளி நன்றாக வரும். பூஞ்சை இன்னும் நன்றாக வரும்.

இது வெளியே தெரிந்தது மாமா மகளைப் பெண் பார்க்க மலைக்குக் கீழே ஈப்போவிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்த அன்று. மாப்பிள்ளையின் அம்மா ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. குரலை உயர்த்தாமலே ஒரு வகுப்பை அடக்கிய முகம். அவரைக் கம்போங் ராஜா கோயிலுக்குத் துரை காரில் அழைத்துப் போவது என்று மாமா ஏற்பாடு செய்தார். பிளாஸ்டிக் உறை வழுக்கியது. ஒவ்வொரு வளைவிலும் அந்த அம்மா கதவுக்கும் அத்தைக்கும் நடுவே போய்ப் போய் வந்துகொண்டிருந்தார். நான்காவது வளைவில் எதையாவது பிடித்துக்கொள்ள உறையின் ஓரத்தைப் பற்றினார். அது கையோடு வந்தது. கீழே சாம்பலும் பச்சையுமாக ஒரு வயல்.

"பூசணம் பூத்திருக்குங்களே," என்றார். இறங்கும்போது மாமா மகளின் கன்னத்தைத் தட்டி, "எங்க வீட்டுக்கு வர்றப்போ சேல பத்திரம்மா," என்றார்.

பெண்ணைப் பிடித்திருக்கிறது என்று மறுநாளே செய்தி வந்தது. வழக்கப்படி நிச்சயம் பெண் வீட்டில்தான் நடக்க வேண்டும். மாப்பிள்ளையின் அப்பாவுக்கு முட்டிவலி, மலை ஏறி வர முடியாது என்பதால் ஈப்போவில் அவர்கள் வீட்டிலேயே வைத்துக்கொள்வதாகப் பேசி முடித்தார்கள். மாமா மகள் அன்று மாலை என் கடைக்கு வந்தாள்.

"அக்கா, அந்த வீட்டுலதான் நான் காலம் பூரா வாழணும். நிச்சயத்தன்னிக்கே கறையோட எறங்கினேன்னு வையி, பேரப்புள்ள காலம் வரைக்கும் அதச் சொல்லிக் காட்டுவாங்க. அப்பா அந்தக் காடியிலதான் போவேன்னு அடம் புடிக்கிறாரு. நீதான் பாக்கணும்."

எங்கள் பக்கம் காரைக் காடி என்போம். அவள் அழவில்லை. இருந்தாலும் நோட்டை எடுத்துப் புதுப் பக்கத்தில் எழுதினேன்: ரோஜா நிறப் பட்டுச் சேலை. பின்பக்கம் சுத்தமாக இறங்க வேண்டும்.

நான் போய் உறைகளைக் கழற்றியபோது மாமா பக்கத்தில் நின்ற நிற்பு, வீட்டில் கூரை பிரிப்பவரைப் பார்ப்பது போல இருந்தது. வெயில் அடித்த ஒரு நண்பகலில் காரை வெளியே தள்ளி, நான்கு கதவையும் திறந்து, முகமூடி போட்டுக்கொண்டு, காய்ந்த பிரஷ்ஷால் பூஞ்சையைத் தட்டி, உறிஞ்சும் இயந்திரத்தில் இழுத்தேன். தண்ணீர் கலந்த ஆல்கஹாலைத் துணியில் நனைத்துத் துடைத்தேன். முதலில் சீட்டின் அடியில் யாரும் பார்க்காத ஒரு மூலையில் தேய்த்து, நிறம் போகவில்லை என்று உறுதி செய்துகொண்டுதான். பிறகு லெதர் சோப்பு நுரை, மென்மையான பிரஷ், ஈரத்துணி, காய்ந்த துணி. இரண்டு நாள் விசிறிக் காற்று. கடைசியில், லெதரை மிருதுவாக்கும் கண்டிஷனர் களிம்பு, ஒரு சீட்டுக்கு ஐம்பது காசு நாணய அளவு, இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வருகிற மாதிரி மெல்லியதாக.

பால்கோவா நிறம் திரும்பியது.

நான் பதினொரு குறிப்புகளைத் தட்டச்சு செய்து, பிளாஸ்டிக் ஒட்டி, காரிலேயே மாட்டினேன். பிளாஸ்டிக் உறை கூடாது. வெயில் வந்தால் கதவைத் திறந்து வைக்கவும். ஈரக் குடையைச் சீட்டில் வைக்காதீர்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கண்டிஷனர், ஐம்பது காசு அளவு. இப்படி. கண்டிஷனர் பாட்டிலையும் கொடுத்தேன். எனக்கு அந்தப் பட்டியல் மேல் பெருமை. எதையும் விடவில்லை என்று நினைத்தேன். பதினொன்றிலும் சமையலறை என்ற சொல் இல்லை.

மூன்று வாரம் போனது. ஞாயிற்றுக்கிழமை நிச்சயம். வியாழக்கிழமை காலையில் மாமா மகள் போன் செய்தாள்.

"அக்கா, பூசணம் திரும்ப வந்துருச்சு. வெள்ள வெள்ளயா, ஓட்டை ஓட்டையா."

போய்ப் பார்த்தேன். ஒவ்வொரு துளையிலும் வெள்ளையாக ஒரு புள்ளி. தையல் இடுக்குகளில் வெள்ளைக் கோடு. பூஞ்சை இவ்வளவு ஒழுங்காக வரிசை கட்டி வராது. ஒரு புள்ளியின் மேல் விரலை வைத்தேன். விரல் சூட்டில் அது உருகியது. முகர்ந்தேன். தலை வாரும் வாசம்.

"மாமா, இதுல என்ன தேச்சீங்க?"

"நீ சொன்னதுதான்."

"நான் குடுத்த பாட்டில் மூடியக்கூட நீங்க தொறக்கல."

"அது மருந்து மாதிரி நாறுது லா. தோலுதானே ஆயி? நம்ம தோலுக்கு எண்ண தேச்சுக் குளிக்கிறோம். தொரை காடிக்கு மட்டும் ஐம்பது காசா? விசேசத்துக்குப் போற வண்டி, நல்லா பளபளன்னு இருக்க வேணாமா?"

அத்தை சமையலறை வாசலில் நின்றார். "ரெண்டு பாட்டில். அதையும் சுட வெச்சுக் குடுன்னாரு. தலைக்குத்தான் கேக்குறாருன்னு நெனச்சேன். இருக்குற முடிக்கு ரெண்டு பாட்டிலான்னு அப்பவே கேட்டேன்."

மலையில் தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள் மெழுகு போல உறைந்தே இருக்கும். எல்லார் வீட்டிலும் அது சோற்றுச் சட்டிக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கும், இளகட்டும் என்று. எங்களுக்கு அது எண்ணெயின் குணம். மாமா இளக வைத்து ஊற்றினார், தேய்த்தார், துளைகள் குடித்தன, மேலே பளபளத்தது. குளிரில் உள்ளே போனது உள்ளேயே உறைந்துவிட்டது. அவர் பார்வையில் வேலை முடிந்தது.

"மாமா, ஞாயித்துக்கெழம எங்க போறோம்?"

"ஈப்போவுக்கு."

"ஈப்போ எப்படி இருக்கும்?"

"எப்படி இருக்கும். பானாஸ் லா. வெயில்ல சட்டைய கழட்டி..." மாமா சீட்டைப் பார்த்தார். பிறகு தன் மகளைப் பார்த்தார்.

மலையிலிருந்து இறங்க ஒரு மணி நேரம். கீழே வெயில். உடம்புச் சூடு. இரண்டு பாட்டில் எண்ணெய் வந்த வழியே திரும்பி மேலே வரும், பட்டுச் சேலைக்குள்.

"திரும்பப் பிளாஸ்டிக்க போட்டா?" என்றார் அத்தை.

"அந்தம்மா முன்னால இன்னொரு தடவ வழுக்கிக்கிட்டு நான் போவ மாட்டேன்," என்றாள் மாமா மகள்.

"வேற காடி?" என்றேன்.

மாமா தலையைத் திருப்பிக்கொண்டார். "தொரை காடியிலதான் வர்றோம்னு சொல்லியாச்சு."

மேல் எண்ணெயை அன்றே சோப்பு நுரையால் எடுத்தேன். உள்ளே பஞ்சுக்குள் இறங்கியதுதான் சிக்கல். அது உறைந்திருக்கும் வரை எந்தத் துணியும் அதை எடுக்காது. உருக வேண்டும், பிழிய வேண்டும், மேலே வருவதை உறிஞ்ச வேண்டும். கடையில் என்னிடம் இருக்கும் சூட்டு ஊதியால் லெதரின் மேல்பூச்சு வெடிக்கும். மெதுவான சூடு வேண்டும், சீட்டு முழுக்க ஒரே அழுத்தம் வேண்டும். நோட்டில் எழுதிப் பார்த்தேன். தேவையான வெப்பத்துக்குப் பெயர் சிம்பாங் பூலாய், மலை இறங்கியதும் வரும் ஊர். அழுத்தத்துக்குப் பெயர் மனிதர்கள்.

மாமாவிடம் சொன்னேன். "சீட்டுல ஆளுங்க உக்காரணும். நல்லா, அழுத்தி, ரொம்ப நேரம்."

"ஆளுங்கன்னா?"

"யாரா இருந்தாலும்."

சனிக்கிழமை காலை தோட்டத்தில் கீரை அறுத்துக்கொண்டிருந்த மூன்று பெண்களைக் கூப்பிட்டோம். மூவரும் முன்பு தேயிலை கிள்ளியவர்கள். மூத்தவர் மாமாவோடு அதே லயத்தில் வளர்ந்தவர், அதனால் அவருக்கு மட்டும் மாமாவிடம் பயமில்லை. ரப்பர் பூட்ஸைக் கழற்றிவிட்டுக் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஓட்டுநர் சீட்டைத் தவிர மற்றவற்றின் மேல் நான் பழைய பூந்துவாலைகளை விரித்திருந்தேன்.

"என்னா தொரை, உக்காரலாங்களா? இல்ல சலாம் வெச்சிட்டு ஓரமா ஒதுங்கணுமா?"

"ஏறு ஏறு. துண்ட விட்டு அங்க இங்க நவுராத."

"நவுராம உக்காந்தா முட்டையே பொரிச்சிருவேன். எண்ண எம்மாத்திரம்."

பின்னால் மூன்று பேர், முன்னால் அத்தை, ஓட்டுவதற்கு மாமா. நான் என் காரில் பின்தொடர்ந்தேன். முன்னே போகும் காரின் பின்கண்ணாடி வழியாக மூன்று முக்காடுகள் தெரிந்தன. யாரும் உட்காராத கார் என்று கோலா தெர்லா முழுவதும் பேர் வாங்கிய வண்டி. காய்கறி லோரிக்காரர்கள் வேகத்தைக் குறைத்துப் பார்த்தார்கள்.

சிம்பாங் பூலாயில் நிழலே இல்லாத ஒரு காலி மனையில் நிறுத்தச் சொன்னேன். கண்ணாடிகளை ஏற்றி, பத்து நிமிடம் உட்காருதல். பிறகு எல்லோரும் இறங்கித் தண்ணீர் குடித்து ஐந்து நிமிடம் காற்று. துவாலை மாற்றம். சீட்டில் சோளமாவைத் தூவி, ஊறவிட்டு, உறிஞ்சி எடுப்பது. மறுபடி பத்து நிமிடம். போனில் நேரம் வைத்திருந்தேன். முதல் சுற்றில் துவாலைகள் தோசைக்கல் துடைத்த துணி மாதிரி வந்தன. அத்தையின் துவாலையைப் பிழிந்தால் தாளிக்கலாம்.

மாமா வெயிலில் குடை பிடித்துக்கொண்டு காரைச் சுற்றிச் சுற்றி வந்தார். ஒவ்வொரு முறை யாராவது அசைந்தாலும் கண்ணாடியைத் தட்டினார்.

மூத்தவர் கண்ணாடியை இறக்கினார். "இந்த வண்டி போறப்ப சேறு அடிக்கும்னு கூடையோட வடிகாலுக்குள்ள எறங்கி நிப்போம். இப்பப் பாருங்க, எங்க சூத்துச் சூட்டுல அதுக்கு வைத்தியம் நடக்குது."

உள்ளே மற்ற இருவரும் சிரித்ததில் சீட்டு நன்றாக அழுந்தியது. எனக்கு அதுவும் வேண்டியிருந்தது.

நான்காவது சுற்றில் துவாலை காய்ந்து வந்தது. ஐந்தாவதாக ஒன்று வைத்தேன், சந்தேகத்துக்கு. வெள்ளை டிஸ்யூவைச் சீட்டில் வைத்து, அதன்மேல் மூத்தவரை உட்காரவைத்து எடுத்துப் பார்த்தேன். டிஸ்யூ வெள்ளையாகவே இருந்தது.

"இப்ப உங்க சீட்டு மாமா."

"இதுக்கு வேணாம்."

"இதுலயும் தேச்சீங்கதானே?"

"இதுல கொஞ்சமாத்தான் தேச்சேன்."

"கொஞ்சம்னா எவ்ளோ?"

"கொஞ்சம்னா கொஞ்சம்தான் லா. ஸ்டீரிங்குக்குப் பின்னால கண்டவங்கள உக்கார வெக்க முடியாது. நாந்தானே இதுல உக்காந்து வந்தேன், எனக்கு ஏதாச்சும் ஒட்டுச்சா?"

அவர் திரும்பிக் காட்டினார். கறுப்புக் கால்சட்டை. கறுப்பில் எதுவும் தெரியவில்லை. நான் தொட்டுப் பார்த்திருக்க வேண்டும். மாமாவின் கால்சட்டையை அந்த இடத்தில் தொட்டுப் பார்க்க எந்தப் படிப்பும் சொல்லித்தரவில்லை. நோட்டில் எழுதிக்கொண்டேன்: ஓட்டுநர் சீட்டு, உரிமையாளர் மறுத்தார். எழுதிவிட்டால் நம் பொறுப்பு தீர்ந்துவிடுகிறது என்ற நம்பிக்கை பட்டியல் போடுகிறவர்களுக்கு உண்டு.

ஞாயிற்றுக்கிழமை காலை மாமா மகள் ரோஜா நிறப் பட்டில் பின்சீட்டில் உட்கார்ந்தாள். ஒரு பக்கம் நான், இன்னொரு பக்கம் தாம்பூலத் தட்டுகள். முன்னால் அத்தை. மாமா பட்டு வேட்டி, பட்டுச் சட்டை, பட்டையாக மடித்த துண்டு. மலை இறங்க இறங்க எனக்குத்தான் வேர்த்தது. சிம்பாங் பூலாய் தாண்டியபோது மாமா மகள் என் காதருகே, "அக்கா, கீழ ஏதாச்சும் ஈரமா இருக்கா?" என்றாள். கையை அவளுக்கு அடியில் நுழைத்துப் பார்த்தேன். காய்ந்திருந்தது.

ஈப்போவில் மாப்பிள்ளை வீட்டு வாசலில் அந்த அம்மா நின்றிருந்தார். மாமா மகள் இறங்கினாள். நான் பின்னாலேயே இறங்கி, மடிப்பைச் சரிசெய்வது போலக் குனிந்து மேலிருந்து கீழ்வரை பார்த்தேன். ஒரு புள்ளி இல்லை. அந்த அம்மாவும் பார்த்தார். அவர் கண் சேலையில் இறங்கிச் சீட்டுக்குப் போய், திரும்பி என்மேல் நின்றது.

"நல்லா சுத்தம் பண்ணிருக்கீங்க," என்றார். தலைமையாசிரியையிடம் முழு மதிப்பெண் வாங்கிய மாதிரி இருந்தது. அப்போதுதான் மாமா இறங்கி, பூட்டுவதற்காகக் கதவுப் பக்கம் திரும்பினார்.

வெள்ளைப் பட்டு வேட்டியில், பின்பக்கம், இரண்டு வட்டம். எண்ணெய் பட்ட இடம் பட்டில் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். உள்ளே போட்டிருந்த நீல அரைக்கால்சட்டை இரண்டு வட்டத்திலும் தெளிவாகத் தெரிந்தது. கொஞ்சமாகத் தேய்த்த சீட்டு. தன் சீட்டு என்பதால் ஒரு பாட்டிலை அதற்கே ஊற்றியிருந்தார் என்று பிறகு ஒத்துக்கொண்டார்.

அத்தை பார்த்துவிட்டார். அவர் முகத்தில் சிரிப்பும் இல்லை, அழுகையும் இல்லை, இரண்டு பாட்டில் என்பது மட்டும் இருந்தது.

நான் மாமாவின் முழங்கையைப் பிடித்தேன். "மாமா, யாருக்கும் முதுகக் காட்டாதீங்க. எங்கயும் உக்காராதீங்க." வெள்ளை விரிப்பு விரித்த கூடம் எனக்கு வாசலிலிருந்தே தெரிந்தது.

மாமாவுக்கு உடனே புரிந்தது. சுவரோரமாக உள்ளே போய், சாமிப் படத்துக்குப் பக்கத்தில், சுவரில் முதுகை ஒட்டிக் கைகட்டி நின்றுகொண்டார்.

"சம்மந்தி, உக்காருங்க," என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

"இருக்கட்டுங்க."

"அட, உக்காருங்க. நாற்காலி போடச் சொல்றேன்."

"பரவால்லிங்க. பொண்ணக் குடுக்குறவன் நிக்கிறதுதான் மொறை."

அப்படி ஒரு முறை எங்கள் பக்கத்தில் கிடையாது. அந்த நிமிடத்தில் மாமா உண்டாக்கியது. மாப்பிள்ளையின் அப்பா கொஞ்சம் யோசித்தார். பிறகு இரண்டு கையையும் ஊன்றி, வலிக்கும் முட்டியோடு எழுந்து நின்றார். அவர் நின்றதால் அவர் தம்பிகள் நின்றார்கள். தம்பிகள் நின்றதால் கூடமே நின்றது. தட்டு மாற்றியது நின்றபடிதான். ஐயர் மட்டும் உட்கார்ந்திருந்தார், அவரும் சங்கடத்தோடு.

சாப்பாட்டையும் மாமா நின்றுகொண்டே முடித்தார். இலை போட்டவர்களிடம், விருந்தாளிகளைக் கவனிக்கிறேன் என்றார். அவரே விருந்தாளி. யாரும் அதைக் கேட்கவில்லை.

கிளம்பும்போது அந்த அம்மா வாசல்வரை வந்தார். மாமா கைகூப்பியபடி, அவரைப் பார்த்துக்கொண்டே, படியிலிருந்து முற்றம், முற்றத்திலிருந்து கேட், கேட்டிலிருந்து கார் வரை பின்பக்கமாகவே நடந்தார். கோயிலில் சந்நிதியை விட்டு வருகிறவர்கள் அப்படி நடப்பார்கள். அந்த அம்மாவுக்குக் கண் கலங்கியதை நான் பார்த்தேன். என்னிடம் மெதுவாகச் சொன்னார்:

"தொரை காடி வெச்சிருக்காருன்னு கேள்விப்பட்டப்ப ஒரு மாதிரி நெனச்சேன்மா. மனுசன்கிட்ட தொரைத்தனமே இல்ல."

நான், "ஆமாங்க," என்றேன்.

திரும்பி மலை ஏறும்போது கம்போங் ராஜாவுக்கு முன்னாலேயே குளிர் வந்துவிட்டது. மாமா மகள்தான் முதலில் வாய்விட்டுச் சிரித்தாள். பிறகு அத்தை. மாமா சாலையைப் பார்த்து ஓட்டிக்கொண்டே, "என்னா இப்ப? நல்லபடியா முடிஞ்சதா இல்லியா?" என்றார்.

திங்கட்கிழமை காலை காரை ரிங்லெட்டுக்குக் கொண்டுவந்து, ஓட்டுநர் சீட்டையும் செய்துவிடச் சொன்னார். இந்த முறை சிம்பாங் பூலாய்க்குக் கூட்டிப்போய், மூத்தவரை ஸ்டீரிங்குக்குப் பின்னால் உட்காரவைத்தேன். அவர் ஹோர்ன் அடித்துப் பார்த்தார். மாமா குடையோடு கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டார். ஏழு சுற்று ஆனது. இப்போது எல்லாச் சீட்டும் சுத்தம். பட்டியலில் பன்னிரண்டாவதாக ஒரு வரி சேர்த்து மாட்டியிருக்கிறேன். வேட்டியையும் பவுடர் போட்டுத் துவைத்துக் கறை எடுத்தாயிற்று.

மாமாவால்தான் இன்னும் உட்கார முடியவில்லை. சம்பந்தி வீட்டுக்காரர்கள் அவர் பணிவை ஈப்போ முழுவதும் சொல்லிவிட்டார்கள். போன மாதம் அவர்கள் வீட்டில் ஒரு காதுகுத்து. மாமா கறுப்புக் கால்சட்டையில்தான் போனார். வாசலில் கால் வைத்ததும் மாப்பிள்ளையின் சித்தப்பா ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம், "இவருதான், பொண்ணுக்காக நின்னவரு," என்று சொன்னது எங்கள் எல்லோர் காதிலும் விழுந்தது. கூடத்தில் அவருக்கென்று நாற்காலி போட்டிருந்தார்கள். லெதர் மாதிரி தைத்த நல்ல நாற்காலி. மாமா அதைப் பார்த்தார். கூடம் அவரைப் பார்த்தது.

"இருக்கட்டுங்க," என்று சொல்லிவிட்டு, சாமிப் படத்துக்குப் பக்கத்தில் தன் பழைய இடத்துக்குப் போய்ச் சுவரில் முதுகை ஒட்டி நின்றுகொண்டார்.